கிரீன் கார்டு மனுவில் வீட்டின் மதிப்பு: அப்ரைசல் யாருக்குத் தேவை, எதைக் காட்டும்

அம்மாவையோ அப்பாவையோ கிரீன் கார்டில் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் முதலில் கவலைப்படுவது உறவுமுறைச் சான்றுகளைப் பற்றித்தான். பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்து மாறியிருக்கும். அப்பா பெயர் ஒரு தாளில் இனிஷியலோடும் இன்னொன்றில் முழுசாகவும் இருக்கும். அதையெல்லாம் சரிசெய்து, உறவினரை அழைக்கப் போடும் ஐ-130 மனுவும் அங்கீகாரம் பெற்ற பிறகு பணக் கேள்வி வருகிறது. வருகிறவரை உங்களால் தாங்க முடியுமா என்று அரசு எழுத்தில் கேட்கிறது. அதற்கான படிவம் ஐ-864, அதாவது அஃபிடவிட் ஆஃப் சப்போர்ட் என்ற ஆதரவு உறுதிமொழி.

நல்ல சம்பளத்தில் இருப்பவருக்கு இந்தப் படிவம் ஒரு மாலை வேலை. கடைசி ஆண்டின் வருமான வரித் தாக்கல், வேலைச் சான்று, சம்பளச் சீட்டுகள் போதும். சிக்கல் மற்றவர்களுக்கு. சிறிய மளிகைக் கடையோ மோட்டலோ நடத்துபவருக்குக் கையில் பணம் புரண்டாலும், செலவும் தேய்மானமும் போக வரித் தாக்கலில் நிற்கும் தொகை சின்னதாக இருக்கும். வேலை போய் புது வேலை தேடிக்கொண்டிருப்பவர், ஓய்வு பெற்றவர், ஒற்றைச் சம்பளத்தில் நாலு பேரைக் காப்பாற்றுபவர் ஆகியோருக்கும் இதே நிலைதான். இவர்களில் பலருக்குச் சொந்த வீடு இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதன் விலையும் ஏறியிருக்கிறது. வருமானத்தில் விழுந்த பள்ளத்தை அந்த வீட்டைக் கொண்டு நிரப்ப முடியுமா என்றால், முடியும். சட்டம் வெளிப்படையாகவே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வீட்டின் விலை எவ்வளவு என்பது அந்தக் கணக்கின் ஒரு பகுதிதான், கடினமான பகுதியும் அது இல்லை. இந்த விஷயத்தில் மனுக்கள் இழுபறியாவதற்கு முக்கியக் காரணம், விலையைக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான்.

வீடு எந்த இடத்தில் உள்ளே வருகிறது

1996-ல் வந்த குடியேற்றச் சட்டத் திருத்தம்தான் இந்த உறுதிமொழியை நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தமாக மாற்றியது. 1997 டிசம்பர் 19 முதல் குடும்ப வழியில் வருபவர்களுக்கு அது கட்டாயம். அதற்கு முன்னால் கொடுக்கப்பட்ட ஆதரவுக் கடிதங்களை நீதிமன்றங்கள் பெரும்பாலும் வெறும் நல்லெண்ண வாக்குறுதியாகவே பார்த்தன. இப்போது அப்படி இல்லை. கையெழுத்துப் போட்டால் அது கடன் பத்திரம் போல.

ஸ்பான்சரின், அதாவது அழைப்பவரின், வருமானம், கூட்டரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். ராணுவப் பணியில் இருப்பவர் மனைவியையோ கணவனையோ பிள்ளையையோ அழைத்தால் 100 சதவீதம் போதும். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை வைத்துத் தொகை மாறும். வரப்போகிறவரும் அந்த எண்ணிக்கையில் சேர்வார். முன்பு யாருக்காவது இதே படிவத்தில் கையெழுத்துப் போட்டு அந்தப் பொறுப்பு இன்னும் முடியாமல் இருந்தால், அவரும் சேர்வார். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனி அட்டவணை உண்டு.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம். கணவர் அமெரிக்கக் குடிமகன், ஊரில் தனியாக இருக்கும் அம்மாவை அழைக்கிறார். மொத்தம் ஐந்து பேர். 2025 அட்டவணைப்படி ஐந்து பேருக்கான 125 சதவீதம் 47,062 டாலர். அவர் வருமானம் 38,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குறைவு 9,062 டாலர். இந்தக் குறைவைச் சொத்தைக் காட்டி ஈடுகட்டலாம். ஆனால் அதே அளவுச் சொத்து போதாது, குறைவைப் போல ஐந்து மடங்கு காட்ட வேண்டும். ஆக, அவர் காட்ட வேண்டிய சொத்து 45,310 டாலர்.

குடிமகன் தன் மனைவியையோ கணவனையோ, 18 வயது முடிந்த பிள்ளையையோ அழைத்தால் மூன்று மடங்கு போதும். இந்தச் சலுகை 2006-ல் வெளியான இறுதி விதிகளில் வந்தது. கிரீன் கார்டு பெற்றவர் பொதுவாக ஐந்து ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், குடிமகனின் துணைவருக்கு மூன்று ஆண்டுகள். அதை நினைவில் வைத்துக்கொண்டால் ஐந்து, மூன்று என்ற எண்கள் மறக்காது. பெற்றோருக்கு ஐந்து மடங்குதான். பெற்றோரும் நெருங்கிய உறவுதானே, மூன்று போதாதா என்று எண்ணிக் கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் நிறைய.

சொத்து என்றால் வங்கி இருப்பு, பங்குகள், வைப்புத்தொகை, நிலம், வீடு எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: ஓர் ஆண்டுக்குள், குடும்பம் பெரிய கஷ்டத்துக்கோ நஷ்டத்துக்கோ ஆளாகாமல், ரொக்கமாக மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வங்கியில் இருக்கும் பணம் இந்தச் சோதனையில் தானாகவே தேறிவிடும். குடியிருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. அதனால்தான் சேமிப்புப் பணமே போதும் என்றால் வீட்டை இழுக்காமல் இருப்பது மேல் என்று சொல்வேன். சொத்தைக் காட்டப் போகிறவர் ஐ-864இஇசட் (I-864EZ) என்ற சுருக்கப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சம்பளத்தையோ பென்ஷனையோ மட்டும் நம்பிப் போடுகிறவர்களுக்கானது.

வரிச் சீட்டில் உள்ள மதிப்பு போதாது

படிவத்தின் சொத்துப் பகுதியில், நிலம் வீடு ஆகியவற்றின் நிகர மதிப்பைக் கேட்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு விளக்கம் இருக்கிறது. இன்றைய மதிப்பீட்டுத் தொகையிலிருந்து வீட்டுக் கடனைக் கழித்தது என்கிறது அது. அங்கே இருக்கும் ‘அசெஸ்டு வேல்யூ’ என்ற ஆங்கிலச் சொல், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகம் சொத்து வரிக்காகப் போடும் மதிப்பையே நினைவுபடுத்தும். ஆகவே பலர் வருடாந்தரச் சொத்து வரி நோட்டீஸை இணைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் படிவத்தோடு வரும் வழிகாட்டுக் குறிப்பு இதைவிடத் தெளிவானது. வீட்டைச் சொத்தாகக் காட்டினால் மூன்று சான்றுகள் கட்டாயம் என்கிறது: வீடு உங்களுடையது என்பதற்கான ஆவணம், உரிமம் பெற்ற அப்ரைசர் சமீபத்தில் தந்த மதிப்பீட்டு அறிக்கை (இதுதான் அப்ரைசல்), வீட்டின் மேல் உள்ள எல்லாக் கடன்களின் அளவு. படிவத்தை மட்டும் படித்துவிட்டு குறிப்பைப் படிக்காதவருக்குத்தான், கூடுதல் சான்று கேட்டு ஆர்.எஃப்.இ. கடிதம் வந்து சேர்கிறது. அதில் சில மாதங்கள் போய்விடும். எழுபது வயதில் தனியாக இருக்கும் ஒருவருக்குச் சில மாதங்கள் சின்ன விஷயம் இல்லை.

சொத்து வரி மதிப்பை நம்பினால் உங்களுக்கே நஷ்டம் வரலாம் என்பது அடுத்த விஷயம். கலிஃபோர்னியாவில் 1978-ல் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவின்படி, வீடு கைமாறாத வரை வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டின் வரி மதிப்பு சந்தை விலையில் பாதிகூட இல்லாமல் இருப்பது அங்கே சாதாரணம். மிச்சிகனில் சந்தை விலையில் 50 சதவீதத்தைத்தான் மதிப்பாக எழுதுவார்கள். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் குடியிருப்பு வீட்டுக்கு 10 சதவீதம். அந்த நோட்டீஸைப் பார்க்கும் அதிகாரி ஒவ்வொரு மாநிலத்தின் பெருக்கல் கணக்கையும் மனப்பாடமாக வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நோட்டீஸில் 60,000 என்றிருந்தால் அவர் 60,000 என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஜில்லோ மாதிரியான தளங்கள் காட்டும் விலையும் இதே கதைதான். வீட்டுக்குள் யாரும் போய்ப் பார்க்காமல் கணினி போட்ட மதிப்பு அது. வீடு விற்றுத் தரும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் எழுதித் தரும் விலை ஒப்பீட்டுத் தாளும் அப்ரைசல் ஆகாது. அவருக்கு வீடு விற்கும் உரிமம் இருக்கிறது, மதிப்பிடும் உரிமம் வேறு.

அந்த உரிமத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1980-களில் அமெரிக்காவின் சேமிப்பு-கடன் வங்கிகள் நூற்றுக்கணக்கில் கவிழ்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிப்போட்ட சொத்து மதிப்புகளும் அதற்கு ஒரு காரணமாக இருந்தன. 1989-ல் வந்த நிதி நிறுவனச் சீர்திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் அப்ரைசர்களுக்கு உரிமம் வழங்கி மேற்பார்வையிட வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உரிமம் பெற்றவர்களின் தேசியப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் அந்தப் பெயரைத் தேடி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அப்ரைசர் வந்து என்ன செய்கிறார்

நேரில் பார்ப்பதற்கு எளிமையான வேலைதான். லேசர் அளவுகோலோடு வருவார். வீட்டைச் சுற்றி வந்து வெளிப்புற அளவு எடுப்பார். உள்ளே ஒவ்வொரு அறையையும் படம் பிடிப்பார். சமையலறை எப்போது புதுப்பிக்கப்பட்டது, கூரை எத்தனை வருடம் ஆனது, ஹீட்டர் வேலை செய்கிறதா, கூரையில் தண்ணீர்க் கறை உண்டா என்று பார்ப்பார். தரைக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட்டை எவ்வளவு அழகாக முடித்திருந்தாலும் வீட்டின் முக்கியப் பரப்பளவில் சேர்க்க மாட்டார், தனியாகத்தான் கணக்கு. அங்கே லட்சணமாகப் பூஜை அறையும் விருந்தினர் அறையும் கட்டி வைத்திருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

பெரிய வேலை அவர் திரும்பிப் போன பிறகு நடப்பது. அதே வட்டாரத்தில் சமீபத்தில் உண்மையாகவே விற்று முடிந்த, உங்கள் வீட்டைப் போன்ற குறைந்தது மூன்று வீடுகளை எடுப்பார். விளம்பரத்தில் கேட்கும் விலையை வைத்து முடிவு செய்ய மாட்டார், கைமாறிய விலையைத்தான் பார்ப்பார். அந்த வீட்டில் கூடுதலாக ஒரு குளியலறை இருந்தால் அதற்குரிய தொகையைக் கழிப்பார். உங்கள் வீட்டில் கார் நிறுத்த இரண்டு இடம், அங்கே ஒன்றுதான் என்றால் கூட்டுவார். இப்படிச் சரிக்கட்டிய மூன்று விலைகளிலிருந்து ஒரு முடிவுக்கு வருவார். தனி வீட்டுக்கு வங்கிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தது படிவம் 1004, அடுக்குமாடி வீட்டுக்கு 1073. குடியேற்ற மனுவுக்கென்று தனி அறிக்கை வடிவம் எதையும் அரசு விதிக்கவில்லை.

அப்ரைசரிடம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்ல வேண்டியது, இது எதற்காக என்பதை. அறிக்கையில் யாருடைய பயன்பாட்டுக்கு, எந்த நோக்கத்துக்கு என்று எழுத வேண்டியது அவர் தொழில் விதி. ‘குடியேற்ற மனுவில் ஆதரவு உறுதிமொழிக்காக, வீட்டு உரிமையாளர் கேட்டது’ என்று அங்கே இருக்க வேண்டும். வீட்டுக் கடனைப் புதுப்பித்தபோது வங்கி எடுத்த பழைய அறிக்கை உங்களிடம் இருக்கலாம். 2014 ஜனவரி முதல் வங்கிகள் அதன் நகலைக் கடன் வாங்குபவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அது சமீபத்தியதாக இருந்தால் இணைக்கலாம்தான். ஆனால் அதில் பயனாளர் என்று வங்கியின் பெயர் இருக்கும், நோக்கம் கடன் என்று இருக்கும். தேதியும் பழசாகிவிட்டால் கேள்வி வர வாய்ப்பு அதிகம். சமீபத்தியது என்றால் எத்தனை மாதம் என்று குறிப்பில் எழுதியிருக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் ஆன அறிக்கையை நான் நம்ப மாட்டேன். ஒன்றிரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

சொல்லக் கூடாதது எவ்வளவு வேண்டும் என்பது. ‘எங்களுக்கு மூன்றரை லட்சமாவது வந்தால்தான் அம்மா வர முடியும்’ என்று மனசு தாங்காமல் சொல்லிவிடுகிறார்கள். முன்கூட்டியே ஒரு தொகையை ஒப்புக்கொண்டு மதிப்பிடுவது அப்ரைசரின் உரிமத்துக்கே வேட்டு வைக்கும் காரியம். நேர்மையானவர் அந்த வேலையையே வேண்டாம் என்பார். இன்னொரு பக்கம், உங்கள் கையெழுத்து பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற உறுதியின் கீழ் போடப்படுவது. ஆகவே வாயை மூடிக்கொண்டு உதவுங்கள்: புதுப்பித்த வேலைகளின் பட்டியல், செலவு ரசீதுகள், வாங்கியபோது வந்த வரைபடம் ஆகியவற்றை எடுத்து வைத்தால் போதும். கட்டணம் பொதுவாகச் சில நூறு டாலர். ஊரையும் வீட்டையும் பொறுத்து மாறும். அறிக்கையில் தொகை எவ்வளவு வந்தாலும் கட்டணம் கட்டியாக வேண்டும்.

விலையிலிருந்து நிகரத்துக்கு

நாம் எடுத்த குடும்பத்தின் வீடு 3,40,000 டாலர் என்று அறிக்கை வந்துவிட்டது. கேட்டதும் பெரிய தொகையாகத் தெரியும். வீட்டுக் கடன் பாக்கி 2,62,000. கூரை மாற்றுவதற்காக வீட்டின் மேல் எடுத்த இரண்டாவது கடன் 20,000. மீதி 58,000. தேவை 45,310. தேறிவிட்டார், ஆனால் மயிரிழை தூரத்தில்தான். இதே வீடு 3,25,000 என்று வந்திருந்தால் தேறியிருக்க மாட்டார்.

அதிகாரி பார்ப்பது இந்த மீதியைத்தான். அதனால் கடன் சான்றுகள் அப்ரைசல் அறிக்கைக்குச் சமமான எடை கொண்டவை. அறிக்கையின் தேதியை ஒட்டிய மாதத்தின் கடன் அறிக்கையை வங்கியிலிருந்து எடுங்கள். இரண்டாவது கடன், ஹோம் ஈக்விட்டி லைன் (வீட்டின் மேல் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வசதி) இருந்தால் அதையும். எடுக்காமல் சும்மா திறந்து வைத்திருக்கும் லைன் என்றால் பாக்கி சுழியம் என்று காட்டும் தாளை இணைத்துவிடுங்கள். பதிவேட்டில் அது சுமையாகத் தெரியும், விளக்கம் இல்லாவிட்டால் மறைத்ததாகப் படும். கட்டாத வரிக்காக அரசு போட்ட பாத்தியதை, குடியிருப்போர் சங்க நிலுவை எதுவானாலும் கழிக்க வேண்டியவைதான். கடன் முழுதும் அடைந்துவிட்டது என்றால் அதற்கான விடுவிப்புப் பத்திரம் வேண்டும்.

உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்து, மனைவியின் பங்கையும் சேர்த்துக் கணக்குக் காட்டினால், அவரும் ஐ-864ஏ படிவத்தில் கையெழுத்திட்டுப் பொறுப்பில் சேர வேண்டியிருக்கும். அண்ணனோடு சேர்ந்து வாங்கிய வீடு என்றால் உங்கள் பங்கை மட்டும்தான் உங்களுடையது என்று சொல்ல முடியும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஓர் அதிகாரி, ‘இந்த வீட்டை விற்றால் நாலு பேரும் எங்கே போவீர்கள்’ என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி. சொந்தக் குடியிருப்பைச் சொத்தாகக் காட்டலாம் என்று குறிப்பு தெளிவாகவே சொல்கிறது. ஆனால் ரொக்கமாக மாற்ற முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு வர வேண்டும். ஒரு பக்கக் கடிதம் இதற்கு நன்றாக வேலை செய்யும்: அந்த வட்டாரத்தில் வீடுகள் எத்தனை நாளில் விற்கின்றன (இது அப்ரைசல் அறிக்கையிலேயே இருக்கும்), விற்காமலேயே அதன் மேல் கடன் எடுக்க முடியுமா, விற்றால் குடும்பம் எங்கே வாடகைக்குப் போகும், அந்த வாடகை எவ்வளவு. விற்பனைத் தரகும் செலவும் போனால் கையில் வருவது குறையும் என்பதால், தேவைக்கு மேல் கொஞ்சம் தாராளமாக மீதி இருந்தால்தான் வீட்டை மட்டும் நம்பிப் போகலாம் என்பது என் எண்ணம். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தில் விற்பனைச் செலவு 5 சதவீதம் என்றால் 17,000 டாலர் போய், மீதி 41,000-க்கு வந்துவிடும். விதி அந்தச் செலவைக் கழிக்கச் சொல்லவில்லை. ஆனால் நஷ்டமில்லாமல் ரொக்கமாக்க முடியுமா என்று யோசிக்கிற அதிகாரியின் மனசில் அது ஓடாமல் இருக்காது. அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது, வங்கியில் இருக்கும் பத்தாயிரத்தையும் சேர்த்துக் காட்டுங்கள் என்பதுதான். கார் விஷயத்திலும் ஒரு விதி உண்டு: ஓடும் நிலையில் வேறொரு கார் இருந்தால்தான் ஒரு காரைச் சொத்தாகக் காட்டலாம்.

ஊரில் இருக்கும் வீடு

இந்த இடத்தில் ஊரிலிருந்து அம்மா கேட்பார்: “ஏம்ப்பா, நம்ம வீடு சும்மாதானே கெடக்கப் போவுது, அதைக் காட்டக் கூடாதா?” நல்ல கேள்வி. வரப்போகிறவரின் சொந்தச் சொத்தையும் கணக்கில் சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. அவர் அமெரிக்காவுக்கு வந்த பிறகு அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால், விற்றால் குடும்பம் தெருவுக்கு வரும் என்ற தடையும் இல்லை. ஒருவகையில் இது மகனின் வீட்டைவிட வலுவான சொத்து. ஆனாலும் இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வெளிநாட்டுச் சொத்துக்குக் கூடுதலாக நிரூபிக்க வேண்டியது, அந்தப் பணத்தை நாட்டை விட்டு எடுத்துவர முடியும் என்பது. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டவர், என்.ஆர்.ஓ. கணக்கில் (இந்தியாவில் வரும் பணத்துக்கான அவரது வங்கிக் கணக்கு) உள்ள விற்பனைப் பணத்தை வரி கட்டிய சான்றோடு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை எடுத்துச் செல்லலாம். நம் கணக்கில் தேவைப்படும் 45,000 டாலர் இந்த வரம்புகளுக்கு எவ்வளவோ கீழே. இதை ஒரு பட்டயக் கணக்காளர் தன் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதிகாரிக்குப் புரியும்.

மதிப்பீடு எப்படி? தமிழ்நாட்டில் உடனே நினைவுக்கு வருவது பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு. அது முத்திரைத் தீர்வைக்காக அரசு போடுவது, சந்தை விலை இல்லை. 2017-ல் அதை ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்குத் திருப்பினார்கள். அதே மண், அதே தெரு, அரசின் முடிவு ஒன்றில் மதிப்பு ஏறி இறங்கியது. ஆகவே இங்கேயும் ஆள் வந்து பார்த்து எழுதும் அறிக்கைதான் வேண்டும். செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்டாலும், அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் இன்றும் விசாவுக்கான சொத்து மதிப்புச் சான்று தருகிறார்கள். கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களும் உண்டு. வங்கியின் பட்டியலில் இருக்கும் பொறியாளர் ஒருவரைப் பிடித்தால் வேலை சுத்தமாக இருக்கும்.

அவர் செய்யும் முறை வேறு. மதுரையில் முப்பது வருடப் பழைய வீடு ஒன்றைப் பார்க்க வருகிறார் என்றால், முதலில் மனையை அளந்து பத்திரத்தோடு ஒத்துப் பார்ப்பார். மனைக்குச் சதுர அடி விலை போடுவார். கட்டடத்துக்கு இன்று கட்டினால் என்ன செலவு என்று போட்டு, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார். முடிவில் மொத்த மதிப்பில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான் இருக்கும். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று பத்திரப் பதிவை மட்டும் வைத்துச் சொல்ல அவரால் முடியாது. பத்திரத்தில் எழுதும் தொகைக்கும் கைமாறும் தொகைக்கும் இடைவெளி இருப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் நல்ல மதிப்பீட்டாளர் விலைக்கு ஆதாரம் என்ன என்று இரண்டு வரி எழுதுவார். எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் இந்த வழி முட்டி நிற்பது பட்டாவில். வீடு இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்று வாங்கியிருக்க மாட்டார்கள். அத்தை பங்கு பிரிக்காமல் கிடக்கும். ஓராண்டுக்குள் விற்கக்கூடியது என்று அதை எப்படிச் சொல்வது? பெயர் மாற்றிய பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் மூன்றும் அம்மா பெயருக்கு நேராக வந்து நின்றால்தான் மதிப்பீட்டுக்குப் பணம் செலவழியுங்கள். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு, மொழிபெயர்த்தவரின் உறுதிக் கையெழுத்தோடு ஆங்கில ஆக்கமும் வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் குடியேற்ற விசாக்களின் நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்தான் நடக்கிறது. அங்கே தமிழ்ப் பத்திரத்தைப் படிக்க ஆள் இருப்பார் என்று எண்ண வேண்டாம்.

ஜாயின்ட் ஸ்பான்சரா, அப்ரைசலா

வருமானம் குறைந்தால் வேறொருவர் ஜாயின்ட் ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி, உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. நல்ல சம்பளம் உள்ள மச்சான் ஒருவர் கையெழுத்துப் போட்டால் அப்ரைசலே தேவையில்லை, மனுவும் வேகமாக நகரும். வழக்கறிஞர்கள் பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அந்தக் கையெழுத்தின் கனம் கேட்பவருக்கும் போடுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது நாற்பது காலாண்டு (ஏறக்குறையப் பத்து ஆண்டு) வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும் வரை, அல்லது இறக்கும் வரை அந்தப் பொறுப்பு ஓயாது. விவாகரத்தால்கூட அது முடிவதில்லை. வயதான பெற்றோர் வேலைக்குப் போய் நாற்பது காலாண்டு சேர்க்கப் போவதில்லை. நண்பரிடம் ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம். வீட்டைக் காட்டித் தன் மனுவைத் தானே தாங்க முடிகிறவர் சில நூறு டாலர் செலவழித்து அப்படிச் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு முன்னால், ஒரே வீட்டில் இருக்கும் மனைவிக்கோ வளர்ந்த மகளுக்கோ வருமானம் இருந்தால் ஐ-864ஏ மூலம் அதைச் சேர்த்துப் பாருங்கள். பலருக்குப் பள்ளம் அதிலேயே நிரம்பிவிடும்.

வீட்டைக் காட்டினால் அரசு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா என்ற பயமும் இருக்கிறது. இல்லை. அப்ரைசலைக் கொடுப்பதால் வீட்டின் மேல் எந்தப் பாத்தியதையும் பதிவாகாது. பிறகு விற்கலாம், அடமானம் வைக்கலாம். ஆனால் வந்தவர் வருமானத்தைப் பொறுத்துத் தரப்படும் சில அரசு உதவிகளைப் பெற்றால், அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்டு அந்தத் துறை ஸ்பான்சர் மேல் வழக்குப் போடலாம். வந்தவரே ஆதரவு கேட்டும் போடலாம். தீர்ப்பு வந்தால் மற்ற கடன்களைப் போலத்தான், வசூல் சொத்து வரை வரலாம். வீட்டை மனுவில் காட்டினீர்களா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எப்போது எடுப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. ஐ-130 போடும்போது அப்ரைசல் தேவையே இல்லை. குடிமகனின் பெற்றோர், மனைவி, கணவன் என்றால், அந்த மனு அங்கீகாரமாகி தேசிய விசா மையம் ஆவணங்களைக் கேட்கும் கட்டத்தில் எடுக்கலாம். வருகிறவர் ஏற்கெனவே அமெரிக்காவுக்குள் இருந்து, அங்கிருந்தே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 படிவத்தைப் போடுவதாக இருந்தால், அதோடு ஐ-864-ம் போக வேண்டும் என்பதால் அதற்குச் சற்று முன்னால். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்காகப் போட்ட மனு என்றால் அவசரமே வேண்டாம். இந்தியர்களுக்கு அந்த வரிசை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. வரிசை நகர்ந்து கடிதம் வரும்போது உங்கள் வருமானமும் வறுமைக்கோட்டு அட்டவணையும் வீட்டுக் கடனும் எல்லாமே மாறியிருக்கும், அப்போது அப்ரைசருக்கு அழைத்தால் போதும்.